விலங்கு கழன்ற பிறகு: ஜட்சன் குடும்பம், பர்மா, 1824 – 1831

பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனெரிகள் அதோனிராம் ஜட்சன், ஆன் ஜட்சன் தம்பதியரின் சிறைக் கதை நம் சபைகளுக்குப் புதிதல்ல. மிஷனெரி ஞாயிறு வந்தால் எங்காவது ஒரு பிரசங்கத்தில் அது கேட்கும். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முடியும்: விலங்கு கழன்றது, தலையணைக்குள் ஒளித்து வைத்த புதிய ஏற்பாடு தப்பியது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் ஒரு மிஷனெரிக் குடும்பம் கடினமான ஆண்டில் விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அங்கே நிறுத்த முடியாது. சிறையில் கிடந்தபோது ஜட்சன் நிலைகுலையவில்லை. அவர் தடுமாறியது விடுதலையாகி மூன்று வருஷம் கழித்து, உயிருக்கு ஆபத்தோ சாப்பாட்டுக்குக் கஷ்டமோ இல்லாத காலத்தில். ஏன் அப்படி நடந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

பின்னணி

1812 பிப்ரவரி 5 அன்று மசாசூசெட்ஸில் இருவருக்கும் திருமணம். இரண்டே வாரத்தில் கப்பல் ஏறிவிட்டார்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி இவர்களை இருக்கவிடவில்லை. மொரீஷியஸுக்குப் போய், அங்கிருந்து 1813 ஜூனில் மதராஸ் வந்து சேர்ந்தார்கள். கம்பெனிக்காரர்கள் பிடித்து நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயம் இங்கேயும் விடவில்லை. சீக்கிரம் கிளம்பும் கப்பல் எது என்று விசாரித்ததில் கிடைத்தது ரங்கூன் கப்பல். பர்மா ஊழியம் அப்படி மதராஸ் துறைமுகத்து அவசரத்தில் தொடங்கியதுதான். அந்தப் பயணத்திலேயே முதல் குழந்தை இறந்து பிறந்தது. அடுத்த பிள்ளை ரோஜர் 1815 செப்டம்பரில் ரங்கூனில் பிறந்து, எட்டு மாதம் நிறைவதற்குள் போய்விட்டான். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819 ஜூனில். ஆறு வருஷக் காத்திருப்பு அது.

1823-இல் ஜட்சன் பர்மிய மொழியில் புதிய ஏற்பாட்டை முடித்திருந்தார். கல்லீரல் நோய்க்காக அமெரிக்கா போயிருந்த ஆன் அந்த ஆண்டுக் கடைசியில் திரும்பி வந்தார். 1824 தொடக்கத்தில் இருவரும் தலைநகர் ஆவாவுக்குக் குடிபோனார்கள். மார்ச்சில் கம்பெனி அரசு பர்மாமேல் போர் அறிவித்தது. மே மாதம் ரங்கூன் விழுந்தது. அங்கே இறங்கிய படையில் மதராஸ் ராணுவத்துச் சிப்பாய்கள் பெருமளவில் இருந்தார்கள்.

பணம் வந்த வழி

அமெரிக்கர்களை ஏன் பிடித்தார்கள்? கிறிஸ்தவத்தின்மேல் வெறுப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கைதுக்குக் காரணம் ஒரு கணக்குப் புத்தகம். அமெரிக்கச் சபைகளின் காணிக்கை ஆவாவுக்கு நேராக வர வழியில்லை. வங்காளத்தில் மாற்றி, ஆவாவில் வியாபாரம் செய்த ஹென்றி கௌஜர் என்ற ஆங்கிலேயர் மூலம் ஜட்சன் அதை வாங்கி வந்தார். போர் வந்ததும் கௌஜரைப் பிடித்துக் கணக்கைச் சோதித்த பர்மிய அதிகாரிகள், அதில் ஜட்சனுக்கும் உடன் மிஷனெரியான டாக்டர் பிரைஸுக்கும் தொகை தொகையாகப் பணம் போயிருப்பதைக் கண்டார்கள். ஆங்கிலேயன் பணம் கொடுக்கிறான், இவர்கள் வாங்குகிறார்கள், அப்படியானால் ஒற்றர்கள். போர்க்காலத்தில் எந்த அரசாங்கமும் போடக்கூடிய கணக்குதான் இது. பர்மியரைக் கொடியவர்களாகக் காட்டி இந்தக் கதையைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெளிநாட்டுப் பணம் எந்த வழியாக வருகிறது என்பது ஊழியக் குடும்பத்தின் உயிர்ப் பிரச்சினையாக அன்றே இருந்தது.

1824 ஜூன் 8, சாப்பாட்டு வேளை. கறுப்புப் புத்தகம் ஏந்திய ஓர் அதிகாரி பத்துப் பன்னிரண்டு பேரோடு வீட்டுக்குள் நுழைந்தார். அவர்களில் ஒருவனுக்கு முகத்தில் பச்சை குத்திய அடையாளம் இருந்தது. கொலைத் தண்டனை நிறைவேற்றும் ஆட்களுக்கு அந்த அடையாளம் உண்டு. ஜட்சனைத் தரையில் தள்ளி, மெல்லிய கயிற்றால் கைகளைப் பின்னால் இறுக்கினார்கள். பணம் தருகிறேன், கட்டைத் தளர்த்துங்கள் என்று ஆன் கெஞ்சியது பலிக்கவில்லை. அவர்கள் போனதும் ஆன் உள்ளே போய்த் தன் கடிதங்கள், நாட்குறிப்புகள் எல்லாவற்றையும் அழித்தார். இங்கிலாந்தில் தனக்கு நண்பர்கள் இருப்பதும், இந்த நாட்டில் நடப்பதை எழுதி வைத்திருப்பதும் தெரிந்தால் ஒற்றர் என்ற குற்றம் உறுதியாகிவிடும் என்று யோசித்திருக்கிறார். வீட்டைச் சுற்றிக் காவல், வயிற்றில் இரண்டு மாதக் கரு, அந்த நேரத்தில் இவ்வளவு நிதானம்.

சிறை வாசலும் வீடும்

லெட்-மா-யூன் என்ற அந்தச் சிறையில் காற்றுக்கு வழி கிடையாது. ஜட்சனுக்கு மூன்று ஜோடி விலங்கு. இரவில் கைதிகளின் கால்களுக்கு இடையே நீள மூங்கிலைச் செருகி மேலே தூக்குவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் படும். பிற்பாடு ஜட்சனே கணக்குச் சொல்லியிருக்கிறார்: 9 மாதம் மூன்று ஜோடி, 2 மாதம் ஐந்து ஜோடி, 6 மாதம் ஒரு ஜோடி.

அந்தச் சிறையில் சாப்பாடு போடுவதில்லை. வீட்டிலிருந்து வந்தால்தான் உண்டு. இந்தக் குடும்பத்தின் அந்த ஆண்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆன் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து அழுதால் கணவர் ஒரு நாள் பட்டினி. அதனால் அவர் தினமும் நடந்தார். சிறைக்கும் வீட்டுக்கும் இரண்டு மைல். பல நாள் இருட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வர இரவு ஒன்பது ஆகிவிடும். பாஸ்டனில் வாங்கிக் கொடுத்து அனுப்பிய ஆடும் நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் வந்து விழுந்து, நாளைக்கு யாரைப் போய்ப் பார்க்கலாம், என்ன சொல்லலாம் என்று யோசிப்பாராம். 1826 மே மாதம் ரங்கூனிலிருந்து மைத்துனர் எல்நாத்தானுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதையெல்லாம் அவரே சொல்கிறார்.

நகர ஆளுநரின் வீட்டுப் படியை அவர் ஏறி இறங்காத வாரம் இல்லை. லஞ்சமும் கொடுத்தார், வேறு வழி இருக்கவில்லை. சொத்தைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தபோது வெள்ளி இருந்த பெட்டியின் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, இது கிறிஸ்துவின் சீஷர்கள் போதகர் வீடு கட்டக் கொடுத்த காணிக்கை, எடுப்பது சரியா என்று கேட்டார். எடுத்துக்கொண்டுதான் போனார்கள். பேச அனுமதி இல்லாத நாட்களில் கணவனும் மனைவியும் ஓட்டுச் சில்லில் எழுதிக்கொண்டார்கள். ஈரமாக இருக்கும்போது எழுத்து தெரியாது, காய்ந்தால் தெரியும்.

ஊர் ஞாபகம் வரட்டும் என்று ஒரு நாள் எருமைக்கறியையும் வாழைப்பழத்தையும் வைத்து, அவர்கள் ஊரில் பண்டிகைக்குச் செய்யும் கறிப் பணியாரம் போல ஒன்றை ஆன் செய்து அனுப்பினார். ஜட்சனால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. முழங்காலில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டு, பக்கத்துக் கைதியிடம் கொடுத்துவிட்டார். மூங்கிலில் தொங்கவிட்டபோது அவர் அழுததாக யாரும் எழுதி வைக்கவில்லை. இதற்கு அழுதார் என்று எழுதியிருக்கிறார்கள்.

புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை முதலில் வீட்டுக்கு அடியில் மண்ணில் புதைத்தார்கள். மழைக்காலத்து ஈரத்தில் வீணாகிவிடும் என்பதால் பிறகு எடுத்துத் தலையணைக்குள் வைத்துத் தைத்தார் ஆன். திருடத் தோன்றாத அளவுக்குக் கரடுமுரடான தலையணை. 1825 ஜனவரி 26 அன்று மகள் மரியா பிறந்தாள். இருபது நாள் குழந்தையை ஆன் சிறை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்.

மார்ச்சில் வெயில் ஏற ஏற விலங்கு ஐந்து ஜோடி ஆனது. ஜட்சனுக்குக் கடும் காய்ச்சல். சிறை முற்றத்தில் அரசருக்குக் காணிக்கையாக வந்த சிங்கம் ஒன்று கூண்டில் பட்டினி போட்டுச் சாகடிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலிக் கூண்டில் படுக்க இடம் கொடுத்தாலே போதும் என்று கேட்டு வாங்கினார்கள்.

அவுங்பின்லே

ஏப்ரல் 1 அன்று பர்மியத் தளபதி மகா பந்துலா போரில் இறந்தார். மே தொடக்கத்தில் ஒரு நாள் ஆளுநர் ஆனைக் கூப்பிட்டு, தன் கடிகாரம் பற்றி ஏதோ விசாரித்துக்கொண்டு உட்கார வைத்தார். அந்த நேரத்தில் கைதிகளைச் சிறையிலிருந்து கிளப்பிவிட்டார்கள். அவர் கண்முன் நடக்க வேண்டாம் என்று அந்த முதியவர் செய்த ஏற்பாடு அது.

கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு நடை. ஜட்சனின் பாதங்களில் தோல் உரிந்து சதை தெரிந்தது. கௌஜரின் வங்காளி வேலைக்காரர் தன் தலைப்பாகையைக் கிழித்து, பாதியைத் தன் எஜமானுக்கும் பாதியை ஜட்சனுக்கும் காலில் சுற்றக் கொடுத்தார். வழியிலேயே ஒரு கிரேக்கக் கைதி இறந்துபோனார். மூன்று மாதக் கைக்குழந்தை, தாங்கள் வளர்த்து வந்த இரண்டு பர்மியச் சிறுமிகள், வங்காளிச் சமையற்காரர் இவர்களோடு ஆன் படகிலும் வண்டியிலுமாகப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். அவுங்பின்லே கிராமத்துச் சிறைக்காவலர் வீட்டில், பாதிக்குத் தானியம் குவித்திருந்த ஒரு சிற்றறைதான் ஆறு மாதத்துக்கு அவர்கள் வீடு.

மறுநாளே சிறுமிகளில் ஒருத்திக்கு அம்மை கண்டது. ஆன் மற்றவளுக்கும் காவலரின் பிள்ளைகளுக்கும் அம்மைப்பால் குத்திவிட்டார். அவர்களுக்கு லேசாகப் போயிற்று. மரியாவுக்குக் குத்தியது பிடிக்கவில்லை, அம்மை முழுசாகவே வந்தது. அப்புறம் ஆன் வயிற்றுக் கோளாறில் படுத்தார். தாய்ப்பால் வற்றிவிட்டது. கிராமத்தில் விலைக்குப் பாலும் இல்லை, பாலூட்டக் கூலிக்கு ஆளும் இல்லை. காவலர்களுக்கு ஏதோ கொடுத்து அனுமதி வாங்க, விலங்குக் காலோடு ஜட்சன் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிராமத்தில் வீடு வீடாகப் போய், பால் குடிக்கும் பிள்ளை வைத்திருந்த தாய்மாரிடம் கொஞ்சம் பால் கொடுங்கள் என்று கேட்டார். அவர்கள் கொடுத்தார்கள்.

தாங்கியவர்கள்

இந்த இடத்தில் ஆய்வு கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் இந்தக் குடும்பத்தை உயிரோடு வைத்தவர்கள் யார்?

அமெரிக்கச் சங்கம் இல்லை. போர் நடந்ததால் கடிதமே போகவில்லை. பிரிட்டிஷ் படை வெகுதூரத்துக்கு அப்பால். கிட்டத்தில் இருந்தவர்களில் விசுவாசி என்றால் மவுங் இங் என்ற பர்மியர் ஒருவர்தான் தொடர்ந்து தெரிகிறார். மற்றவர்கள் எல்லாரும் கிறிஸ்துவை அறியாதவர்கள். நகர ஆளுநர் பௌத்தர். ராணியின் சகோதரர் வெள்ளைக்காரக் கைதிகளை இரகசியமாகக் கொன்றுவிடும்படி மூன்று முறை சொல்லி அனுப்பியும் செய்யாமல் விட்டவர் அவர். மற்ற எல்லாரையும் கொன்றாலும் உன் புருஷனைக் கொல்ல மாட்டேன், ஆனால் விடுதலை மட்டும் என்னிடம் கேட்காதே என்று ஆனிடம் சொல்லி அழுதிருக்கிறார். வங்காளிச் சமையற்காரர் தன் வழக்கமான கட்டுப்பாடுகளை ஓரம் வைத்துவிட்டு விறகும் தண்ணீரும் தேடி வெகுதூரம் போய், தான் சாப்பிடாமலே பொழுது சாயும்வரை உழைத்தார். முனகவில்லை, சம்பளம் கேட்கவில்லை என்று ஆன் எழுதுகிறார். அப்புறம் அந்தக் கிராமத்துத் தாய்மார்.

ஊழியக் குடும்பம் கொடுக்கப் போகிறது, ஊர் வாங்கிக்கொள்கிறது என்றுதான் நாம் பழகிப் பேசுகிறோம். அவுங்பின்லேயில் அது தலைகீழாக இருந்தது. ஆனின் கடிதத்தை வாசிக்கிறபோது எனக்குப் படுவது, அவர் அந்தப் பராமரிப்பைத் தேவனிடமிருந்தே வந்ததாக, ஆனால் கொடுத்த கையை மறைக்காமல் ஏற்றுக்கொண்டார். அந்தக் கடிதத்தில் அவர் தன் பக்தியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. யார் என்ன செய்தார்கள் என்றுதான் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஜெபத்தைப் பற்றி அவர் அழுத்திச் சொல்வது ஓரிடத்தில், அதுவும் விடுதலை நெருங்கிய காலத்தில். ஆவாவில் காய்ச்சலில் படுக்கையோடு கிடந்தபோது, கணவரை மறுபடியும் அவுங்பின்லேவுக்கே அனுப்பப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எழுந்து யாரையும் போய்ப் பார்க்க முடியாத நிலை. "ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன்" என்ற சங்கீத வாக்கைப் பிடித்துக்கொண்டு ஜெபித்ததாகவும், ஜெபத்தின் வல்லமையை எப்போதாவது உணர்ந்திருந்தால் அது அப்போதுதான் என்றும் எழுதுகிறார். அதுவரை அவர் கால்களே ஜெபித்துக்கொண்டிருந்தன என்று நான் சொல்வேன்.

1825 நவம்பரில் ஜட்சனை அவுங்பின்லேயிலிருந்து விடுவித்து, சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராக அனுப்பினார்கள். 1826 பிப்ரவரி 24 அன்று போரை முடித்த யாண்டபோ ஒப்பந்தம் கையெழுத்தானது. சிறையில் ஜட்சனிடம் இருந்து, கைதிகளைக் கிளப்பிய நாளில் கொள்ளை போன தலையணையை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு ஞாபகத்துக்காக எடுத்து வைத்திருந்தார் மவுங் இங். மாதங்கள் கழித்துப் பிரித்தபோது கையெழுத்துப் பிரதி அப்படியே இருந்தது.

விடுதலைக்குப் பிறகு

குடும்பம் பிரிட்டிஷ் பகுதியான ஆம்ஹர்ஸ்ட்டுக்குக் குடியேறியது. ஆவாவுக்குப் போகும் ஆங்கிலத் தூதுக்குழுவோடு மொழிபெயர்ப்பாளராக வரும்படி ஜட்சனைக் கேட்டார்கள். பர்மாவில் மதச் சுதந்திரம் தரும் பிரிவு ஒன்றை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம் என்ற நம்பிக்கையில் போனார். அந்தப் பிரிவு கிடைக்கவே இல்லை. 1826 அக்டோபர் 24 அன்று ஆம்ஹர்ஸ்ட்டில் ஆன் காய்ச்சலில் இறந்தார். வயது 36. ஒரு மாதம் கழித்து ஆவாவில் ஜட்சன் கையில் கறுப்பு முத்திரையிட்ட கடிதம் வந்தது. கொடுத்தவர், உங்கள் குழந்தை இறந்ததாகத் தெரிகிறது என்று சொல்லிக் கொடுத்தார். அறைக்குள் போய்ப் பிரித்துப் படித்த பிறகுதான் இறந்தது மனைவி என்று தெரிந்தது. 1827 ஏப்ரல் 24 அன்று மரியாவும் போய்விட்டாள். அவளுக்கு இரண்டே கால் வயது. அதே ஆண்டு அமெரிக்காவில் அவர் தந்தை இறந்த செய்தியும் சேர்ந்துகொண்டது.

ஆனாலும் உடனே அவர் விழுந்துவிடவில்லை. அதே பிரிட்டிஷ் பகுதியில் இருந்த மௌல்மீன் ஊருக்கு இடம் மாறினார், போதித்தார், மொழிபெயர்த்தார். 1828-இல்தான் மெல்ல மெல்ல ஒதுங்க ஆரம்பித்தார். சொந்தப் பணத்தையெல்லாம் மிஷனுக்கு எழுதிக் கொடுத்தார். பல்கலைக்கழகம் கொடுத்த டாக்டர் பட்டம் வேண்டாம் என்று எழுதினார். தன்னைப் பாராட்டி வந்த கடிதங்களை அழித்தார். தன்னையே வெறுத்து ஒடுக்கச் சொல்லும் பிரெஞ்சு பக்தி எழுத்துகளில் மூழ்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 24, ஆனின் இரண்டாம் நினைவு நாள் அன்று, காட்டோரம் தான் கட்டிய குடிலுக்குத் தனியே குடிபோனார். ஒரு குழியை வெட்டி, தன் உடல் அதில் அழுகுவதை எண்ணிப் பார்த்தபடி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டு அதே நாளில் ஆனின் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதத்தில், தேவன் எனக்கு அறியப்படாத மாபெரும் ஒருவர், நான் அவரை நம்புகிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்றார்.

இந்த வாக்கியத்தை நம் மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்ல வேண்டும். இதை அவிசுவாசம் என்று படிப்பவர் அதன் முதல் பாதியை விட்டுவிடுகிறார். நம்புகிறேன் என்று சொல்லத்தான் செய்தார். உணர்வு முழுதும் வற்றிப்போன பிறகும் அந்த ஒரு சொல்லை அவர் கீழே போடவில்லை.

ஏன் அப்போது?

சிறைக் காலத்தில் அழுவதற்கு நேரம் இருக்கவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருந்தது: சோறு கொண்டுபோவது, ஆளுநரைப் பார்ப்பது, குழந்தைக்குப் பால் தேடுவது. அதைவிட, அந்த நாட்களில் ஜட்சனின் விசுவாசத்தைத் தாங்கச் சிறைக்கு வெளியே ஒரு ஆள் இருந்தார். அவர் தினமும் இரண்டு மைல் நடந்து வந்தார். ஆன் போனபோது மனைவி மட்டும் போகவில்லை. அந்த ஆண்டை உள்ளிருந்து அறிந்த ஒரே சாட்சியும் போய்விட்டார். இன்னொன்றும் உண்டு. ஆன் சாகும்போது அவர் பக்கத்தில் இல்லை. அவர் போயிருந்த காரியமும் பலிக்கவில்லை. சிறையில் அவருக்கு நேர்ந்தது பிறர் செய்தது; இது தானே எடுத்த முடிவு. அந்தப் பாரத்தை இறக்கி வைக்க விலங்கு கழற்றும் அதிகாரி யாரும் கிடையாது.

தாங்குகிறவர்களுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. செய்தி வந்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டால் ஜெபக் குறிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறோம். வெள்ளமோ, வழக்கோ, விரட்டலோ முடிந்து ஊழியக் குடும்பம் ஊர் திரும்பினால் அடுத்த வாரமே சாட்சி சொல்ல மேடையேற்றுகிறோம். ஜட்சனின் காலவரிசையை வைத்துப் பார்த்தால், அவரைத் தேடிப் போயிருக்க வேண்டிய ஆண்டு 1828. மௌல்மீனில் உடன் ஊழியர்கள் இருந்தார்கள், மரியாவைக் கடைசிவரை வளர்த்ததும் அவர்களில் ஒருவரான திருமதி வேட்தான். ஜட்சனைத் தனியே விடவும் செய்தார்கள், கைவிடவும் இல்லை. அவருடைய காட்டுக் குடிலை யாரும் அவமானமாக்கவில்லை. அந்த இடைவெளியைக் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

திரும்பி வந்தது எப்படி என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. 1829-இல் தம்பி எல்நாத்தான் இறந்த செய்தி வந்தது. பல வருஷம் விசுவாசத்துக்கு வெளியே நின்றவர், கடைசியில் நம்பிக்கையோடு மரித்தார் என்ற தகவலும் அதோடு வந்தது. இதற்கிடையில், ஜட்சன் முன்பு கடனை அடைத்து மீட்ட கரேன் இனத்தவரான கோ தா பியூ 1828 மே மாதம் தவாய் என்ற ஊரில் மிஷனெரி போர்ட்மன் கையால் ஞானஸ்நானம் பெற்று, மலைக் கிராமங்களில் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜட்சன் மறுபடி பயணம் போகத் தொடங்கினார். 1831 மார்ச்சில் ரங்கூனிலிருந்து எழுதும்போது அவர் குரலே மாறியிருக்கிறது. அங்குள்ள ஷ்வேடகோன் பௌத்தக் கோவில் திருவிழாவுக்கு நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்த கூட்டத்துக்குக் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தே ஏறக்குறைய 10,000 கைப்பிரதிகள் தீர்ந்துவிட்டன என்கிறார். நீர் இயேசு கிறிஸ்துவின் ஆளா, அப்படியானால் அவரைப் பற்றிச் சொல்லும் எழுத்து ஒன்று தாரும் என்று நாட்டின் உட்பகுதியிலிருந்து வந்தவர்கள் கேட்டார்களாம். தலையணையில் தப்பிய புதிய ஏற்பாடு திருத்தப்பட்டு 1832-இல் அச்சாகி முடிந்தது. 1834 ஜனவரி 31 அன்று பழைய ஏற்பாட்டின் கடைசித் தாளும் பர்மிய மொழியில் முடிந்தது.